அத்தையின் விரல் ரேகையும் நான் நிரப்பிய படிவமும்

இங்கிலாந்தில் இருப்பவர்கள் பெங்களூரிலிருந்து பெற்றோரை விருந்தினர் விசாவில் அழைப்பது எப்படி என்று நிறையப் பதிவுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை "மிக எளிது" என்று தொடங்கும். அவற்றை நம்பி ஏமாந்தேன் என்று தொடங்கத்தான் நானும் முதலில் நினைத்தேன். அது பொய்யாக இருக்கும். எங்கள் முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டதற்கு நான்தான் காரணம். அதைச் சரிசெய்ய இந்தப் பிப்ரவரியில் பதினான்கு நாள் விடுப்பில் பெங்களூர் போய்வந்தேன். யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

என் மாமியார் கன்னியம்மா, வயது எழுபத்தொன்று, ஜீவனஹள்ளியில் தனியாக வசிக்கிறார். என் கணவர் அவருக்கு ஒரே மகன். சென்ற மே மாதம் கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. ஓராண்டுக்கு நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "அவன் வரத் தேவயில்ல. நான் ஒருவாட்டி வந்து கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்" என்றார் அத்தை. ஜூன் மாதம் நான் இங்கிருந்தே இணையத்தில் படிவத்தை நிரப்பினேன். எதிர்வீட்டு மும்தாஜ் அவரை விசா மையத்துக்கு அழைத்துப்போய் விரல் ரேகை கொடுக்கவைத்தார். ஜூலையில் மறுப்புக் கடிதம் வந்தது.

இந்த முறை நானே போனேன். விமானம் அதிகாலை 4.40க்கு இறங்கியது. வெளியே வர ஒரு மணி நேரம். ஜீவனஹள்ளிக்கு டாக்சி 1,150 ரூபாய், 36 கிலோமீட்டர், அந்த நேரத்தில் 55 நிமிடம். வழக்கமாக என் டாக்சி பிரேசர் டவுனுக்குப் போகும். அங்கேதான் என் பிறந்த வீடு. அப்பா ஆசிரியராக இருந்தவர், இப்போது அண்ணன் குடும்பம் இருக்கிறது. அங்கிருந்து ஜீவனஹள்ளி இரண்டு கிலோமீட்டர்தான். திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகளில் மாமியார் வீட்டில் நான் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. குளியலறை சின்னது, குழந்தைக்குக் கொசுக்கடி ஆகாது என்று ஒவ்வொரு வருகைக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். யாரும் என்னிடம் காரணம் கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அத்தை கதவைத் திறந்தபோது இரண்டு கைகளிலும் மஞ்சள் நிற ரப்பர் கையுறை இருந்தது. முந்தின நாள் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை இது, புதுசா?"

"போன தடவ ரேகை விழலயேமா. நாலுவாட்டி வெச்சேன். அந்தப் பொண்ணும் துணியால தொடச்சித் தொடச்சி வெச்சிப் பாத்துச்சு. இருவத்தொம்போது வருசம் ஃபினாயில்லயும் ஆசிட்லயும் கைய வெச்சா ரேகை எங்கருந்து வரும்? அதான் எட்டு மாசமா கிளவுஸ் போட்டுகினு கீறேன். ராவானா தேங்கா எண்ணெ."

கையுறையைக் கழற்றி விரல்களை டியூப்லைட்டுக்கு நேராக நீட்டினார். "இப்ப பாரு. கோடு தெரியுதில்ல?"

"தெரியுது" என்றேன்.

மறுப்புக் கடிதம் ஒன்றரைப் பக்கம். அதில் விரல் ரேகையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. விண்ணப்பதாரர் எப்போதும் வேலை பார்த்ததில்லை என்று படிவம் சொல்கிறது. ஆனால் அவர் வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஒரு தொகை வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று விளக்கப்படவில்லை. ஆகவே அவருடைய சூழ்நிலையைப் பற்றிச் சொல்லப்பட்டதை ஏற்க முடியவில்லை. இவ்வளவுதான். அந்தத் தொகை அத்தையின் ஓய்வூதியம். அவர் அரசு மருத்துவமனை ஒன்றில் இருபத்தொன்பது ஆண்டுகள் துப்புரவுப் பணி செய்தவர். கழிப்பறை, வார்டு, பிணவறை வாசல் எல்லாம் அவர் கழுவியவை. வேலை பற்றிய கேள்விக்கு நான் "இல்லத்தரசி, வேலை பார்த்ததில்லை" என்று நிரப்பியிருந்தேன்.

ஏன் அப்படி எழுதினேன்? திருமணம் பேசியபோது "ஆஸ்பத்திரியில வேலை" என்று எங்கள் வீட்டில் சொல்லப்பட்டது. நர்ஸ் என்று உறவினர்கள் அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. என் மகளிடமும் சொன்னதில்லை. படிவத்தைச் சரிபார்க்க மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்முன் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்ய எனக்கு விரல் வரவில்லை. மறுப்பு வந்தபோது, வயதான தனிப் பெண்களுக்குச் சுலபத்தில் கொடுக்கமாட்டார்கள் என்று கணவரிடம் சொன்னேன். கடிதம் என் மின்னஞ்சலுக்குத்தான் வந்திருந்தது. உடம்பு தேறிக்கொண்டிருந்தவர், கேட்டுப் படிக்கவில்லை.

இரண்டாம் நாள் பணிச்சான்றிதழ் வாங்கப் போனோம். ஆட்டோ 110 ரூபாய், ஐந்து கிலோமீட்டர். காலை பத்தரைக்கு மேல் போங்கள், அதற்குமுன் அலுவலகப் பிரிவில் யாரும் இருப்பதில்லை. ஓய்வூதிய ஆணையின் நகலும் ஆதார் நகலும் அவசியம். அவற்றை அத்தை பிளாஸ்டிக் உறையில் அழகாக அடுக்கி வைத்திருந்தார். "போன தடவயே கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார். அங்கேயே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆட்டோ வருகிறதா என்று பார்க்கப் போனேன்.

மருத்துவமனை நடையில் துடைப்பத்தோடு நின்ற ஒரு பெண் அத்தையைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாக்கா, லண்டன் போறியாமே. அங்க எந்த வார்டு போட்டுருக்காங்க?"

"உனக்கும் சேத்து ஒரு வார்டு கேட்டு வெக்கறேன், வந்துடு."

எழுத்தர் கன்னடக்காரர், அத்தையைப் பல வருடமாகத் தெரிந்தவர். "ஏனு கன்னியம்மா, சென்னாகித்தீரா?" என்று நலம் விசாரித்து நாற்காலி காட்டினார். பதவிப் பெயருக்குக் கன்னடத்தில் "ஜாடமாலி" என்று எழுத ஆரம்பித்தார். கூட்டித் துடைக்கும் பணியாளர்களுக்கு அங்கே அரசுப் பதிவேட்டில் உள்ள பெயர் அது. அத்தை என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"ஆயான்னு எழுதச் சொல்லட்டாமா? சொன்னா எழுதுவாரு. உங்கூர்ல நாலு பேரு பாப்பாங்கல்ல."

நான் மறைப்பது இருபத்திரண்டு ஆண்டுகளாக இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என் அண்ணன் வீட்டு விசேஷங்களில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், யாராவது வேலையைப் பற்றிக் கேட்குமுன் எழுந்து போயிருக்கிறார். "வேண்டாம் அத்தை, உள்ளபடியே இருக்கட்டும்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தோடு என் கடன் தீர்ந்ததாக எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அது அன்று மாலைவரைகூட நிற்கவில்லை.

கன்னடச் சான்றிதழ் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரத்தோடு. பிரேசர் டவுனில் ஒருவர் பக்கத்துக்கு 400 ரூபாய் வாங்குகிறார், இரண்டு மணி நேரத்தில் கொடுத்துவிடுகிறார். அவர் என் அப்பாவிடம் படித்தவர் என்பது கடைக்குள் போனபிறகுதான் தெரிந்தது. கடை சின்னது என்பதால் அத்தை வாசலில் நின்றுகொண்டார். மொழிபெயர்ப்பாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சான்றிதழைப் படித்தார்.

"சாரோட பொண்ணுதானே நீங்க? இது யாருதும்மா, இந்த ஸ்வீப்பர் சர்டிஃபிகேட்?"

"தெரிஞ்சவங்களுது" என்றேன்.

சொல்லி முடித்தபின் வாசலைப் பார்த்தேன். அத்தை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கடி தூரம். திரும்பும்போது ஆட்டோ வேண்டாம், நடக்கலாம் என்றார். இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். வழியில் கீரை வாங்கினார்.

மறுநாள் காலை 9.30க்கு விசா மையத்தில் நேரம். ஜீவனஹள்ளியிலிருந்து ஏழு கிலோமீட்டர். மீட்டர் போட மறுத்து 200 கேட்டார்கள், 170க்குப் போனோம். எட்டே காலுக்குக் கிளம்பியும் ஒன்பதேகால் ஆகிவிட்டது. மெட்ரோ வேலைகள் நடக்கும் சாலைகளில் அவ்வளவு ஆகும். வயதானவர்களோடு ஒருவரை உள்ளே விடுகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், எங்களை விட்டார்கள். ஆவணங்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்து ஏற்றிவிடுங்கள், மையத்தில் அதற்குத் தனிக் கட்டணம். விசா கட்டணம் அடிக்கடி மாறுவதால் நான் எழுதவில்லை. மறுத்தால் அது திரும்பி வராது.

முகப்பில் இருந்த இளம்பெண் தமிழ் பேசுபவள். என்னைக் காட்டி, "இவங்க உங்களுக்கு என்ன வேணும் பாட்டி?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சவங்க" என்றார் அத்தை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அந்தப் பெண் தாளைப் பார்த்துக் குழம்பினாள். "இன்வைட் பண்றவங்க டாட்டர் இன் லான்னு போட்டிருக்கே?"

"நான்தான். மருமகள்" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் இன்னொரு முறை கேட்டாள். இன்னொரு முறை சொன்னேன்.

ரேகை எடுக்கும் அறைக்குள் போகுமுன் அத்தை விரல்களைப் புடவைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கை கருவிமேல் அழுந்துவது தெரிந்தது. வலது கை முதல் முறையிலேயே பதிந்தது, இடது கை இரண்டாவதில். வெளியே வந்தபோது அவர் முகத்தில் இருந்த நிறைவை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. "விழுந்துடுச்சுமா. எண்ணெ வீண் போவல."

எதிரே ஒரு ஜூஸ் கடை. உட்கார வைத்து, இரண்டு சாத்துக்குடி ஜூஸ் சொல்லிவிட்டு, உண்மையைச் சொன்னேன். ரேகை போன முறையும் விழுந்திருந்தது, விழாமல் அனுப்பவேமாட்டார்கள் என்றேன். படிவத்தில் நான் எழுதியதையும், கடிதத்தில் அவர்கள் எழுதியதையும் சொன்னேன். ஏன் அப்படி எழுதினேன் என்பதையும் சொன்னேன்.

அவர் கண்ணாடித் தம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அப்ப எட்டு மாசம்?"

"ஆமாம் அத்தை."

"அவன் ஆஸ்பத்திரில இருந்து வந்த ரெண்டு மாசத்துலயே பாத்திருப்பேன்."

"ஆமாம்."

தம்ளரைச் சுற்றுவதை நிறுத்தி, "உன் புருசன் பி.ஈ. படிச்சது அந்தச் சம்பளத்துலதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு தகவலைத் தருவதுபோலச் சொன்னார். ஜூஸைக் குடித்து முடித்து எழுந்தார். "அவனாண்ட இப்ப சொல்லாத. நெஞ்ச அறுத்துத் தெச்ச ஒடம்பு." என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றிரவு அவர் எண்ணெய் தடவவில்லை. நான் பாத்திரம் தேய்த்தேன், கையுறை எனக்குப் பொருந்தவில்லை.

நான் திரும்பிவந்த பின், விண்ணப்பித்து இருபத்துமூன்றாம் நாள் பாஸ்போர்ட் கூரியரில் வந்தது. ஆறு மாத விசா. வீடியோவில் அழைத்தார். பின்னால் மும்தாஜும் தெருப் பெண்கள் இரண்டு பேரும் நின்றார்கள்.

"க்யா கன்னிம்மாக்கா, இந்தவாட்டி எப்டி குடுத்தான்?" என்று மும்தாஜ் கேட்பது காதில் விழுந்தது.

"ரேகை விழுந்துச்சில்ல, குடுத்துட்டான்" என்றார் அத்தை. கேமராவை, அதாவது என்னை, அவர் பார்க்கவில்லை.

என் பக்கத்தில் இருந்த கணவர் சிரித்தார். "அம்மா எண்ணெ வைத்தியம் ஜெயிச்சுடுச்சு" என்றார். அழைப்பு முடிந்ததும் நான் அவரிடம் சொன்னேன். மருத்துவர் அந்த வாரம்தான் எல்லாம் சீராக இருக்கிறது என்று சொல்லியிருந்தார், இனியும் அத்தையின் பேச்சுக்குப் பின்னால் ஒளிய எனக்குக் காரணம் இல்லை. மறுநாள் காலையில் கணவர், "அம்மாவுக்குத் தெரிஞ்சுமா ரேகைன்னு சொல்றாங்க?" என்று மட்டும் கேட்டார். மகளிடம் அன்று மாலை நானே சொன்னேன். பாட்டி எந்த மருத்துவமனை என்று கேட்டாள், பெயரைச் சொன்னேன், "ஓ" என்றாள். இருபத்திரண்டு வருடம் நான் பயந்தது அந்த ஒரு எழுத்துக்கு.

அத்தை அடுத்த மாதம் வருகிறார். இந்தப் பயணத்துக்குத் தயாராகிறவர்களுக்கு: வங்கி அறிக்கையில் வரும் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு தாள் வைத்திருங்கள். முன்பு மறுக்கப்பட்டிருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள், எது தவறாக இருந்தது என்று ஒரு கடிதமும் இணையுங்கள். நான் அரைப் பக்கம் எழுதினேன், எழுத ஒரு வாரம் ஆனது. நிரப்பிய படிவத்தை அனுப்புமுன், அது யாரைப் பற்றியதோ அவருக்கு அவர் மொழியில் முழுவதும் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்ட முடியாத வரி ஏதாவது இருந்தால், திருத்த வேண்டியது அந்த வரியைத்தான்.

இந்தப் பதிவை மும்தாஜ் மகள் படிப்பாள் என்று தெரியும். அவள் தன் அம்மாவிடம் இதைச் சொல்லட்டும், அவர் தெருவில் சொல்லட்டும். கன்னியம்மாவின் ரேகையில் ஒரு குறையும் இருக்கவில்லை.