பொன்முடிக்குப் பச்சை மாதம்

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் முப்பது வருஷத்துக்கு மேல் டிராவல் டெஸ்க் பார்த்தேன். டெஸ்க் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ரிசப்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு போன், நான்கு டிரைவர்களின் நம்பர், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நான் கையால் போட்டு வைத்த ஒரு அட்டவணை. அவ்வளவுதான். அந்த அட்டவணையின் மேல் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இடது பக்கம் வரிசையாக இடங்களின் பெயர்: கோவளம், வர்க்கலா, பூவார், நெய்யாறு, மீன்முட்டி அருவி, பொன்முடி. மேலே பன்னிரண்டு மலையாள மாதங்கள். வீட்டில் சித்திரை, ஆவணி என்றுதான் பேசுவோம். ஆனால் டிரைவர்களுக்கு மேடம், சிங்கம் என்றால்தான் பிடிபடும். கட்டங்களுக்குள் மூன்று நிறம் அடித்திருந்தேன். பச்சை என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். மஞ்சள் என்றால் போனால் தப்பில்லை. சிவப்பு என்றால் போகாதே.

வெறுமனே கேட்டு எழுதியதல்ல. ஒவ்வொரு இடத்துக்கும் வண்டியில் கூடவே போய் வந்து போட்ட நிறம். கர்க்கடக மழையில் கோவளத்துக்குப் போனால் கடல் காலை வைக்க விடாது. மேடத்து வெயிலில் மீன்முட்டிக்குப் போனால் அருவி இருக்காது, பாறைதான் இருக்கும். பொன்முடிக்கு கன்னியும் துலாமும், அதாவது புரட்டாசியும் ஐப்பசியும், மட்டும்தான் பச்சை. இடவத்தில் தொடங்கும் பெருமழையில் மண் சரிந்து பாதையை அடைத்துவிடும். அது ஓய்ந்த பிறகு, பகல் பத்து மணிக்குக்கூட மலை முழுவதையும் மூடிக்கொண்டு பனி இறங்கும். டிரைவர்கள் அதைக் கோடமஞ்ஞு என்பார்கள். இரண்டடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார். கொஞ்ச நேரத்தில் அது விலகும், மறுபடி மூடும். பொன்முடி என்றால் எனக்கு அதுதான். பனி இல்லாத பொன்முடியைப் பார்ப்பதும் ஒன்று, சும்மா இருப்பதும் ஒன்று என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிவப்புக் கட்டத்துக்கு வண்டி கேட்டு வந்தால் மல்லுக்கு நிற்பேன். லாட்ஜ் மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார். "அவங்க காசு கொடுத்துப் போறாங்க, உமக்கு என்னவே?" என்பார். எனக்கு அது காசு விஷயமாகத் தோன்றியதில்லை. ஒரு இடத்தை முதல் தடவை பார்க்கிறவன் அதன் நல்ல முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். ஒரு தடவை ஈரோட்டிலிருந்து வந்த வயதான தம்பதி மேட மாதத்தில் பொன்முடிக்குத்தான் போவோம் என்று நின்றார்கள். அரை மணி நேரம் பேசிப் பார்த்தேன். கேட்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து, "அங்கிருந்து கடல் தெரிஞ்சுதுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். போன செலவுக்கு மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள் என்று நினைத்து, பாவம், நானும் தலையை ஆட்டி வைத்தேன்.

என் மனைவி நாகர்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமாகி ஸ்ரீவராகத்தில் வாடகை வீட்டுக்கு வந்த முதல் வருஷமே, "ஊரை எல்லாம் பொன்முடிக்கு அனுப்புகியளே, என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போனா என்ன?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அப்போது மீன மாதம். வெயில் காலத்தில் போய் என்ன செய்ய, கன்னி பிறக்கட்டும் என்றேன்.

கன்னி பிறந்தது. டெஸ்கில் தலை நிமிர நேரமில்லை. துலாமில் அதைவிட மோசம். அது முடிந்ததும் விருச்சிகம் வந்தது. மாலை போட்ட சாமிமார்கள் லாட்ஜ் வராந்தாவில்கூடப் படுத்திருந்தார்கள். மகர விளக்கு முடிந்து மூச்சு விட்டால் கும்பம். ஆற்றுகால் கோயில் பொங்கலுக்கு வரும் பெண்களுக்கு அறை கொடுத்து முடியாது. அதற்குப் பிறகு வெயில். வெயிலுக்குப் பிறகு மழை. பச்சை மாதம் என்றால் டெஸ்கில் கூட்டம் இருக்கும். டெஸ்கில் கூட்டம் இல்லை என்றால் அது பச்சை மாதமாக இருக்காது. இந்தச் சின்ன விஷயம் அத்தனை வருஷமும் என் மண்டையில் ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் அடுத்த கன்னியில் கட்டாயம் போகிறோம் என்று நம்பித்தான் சொன்னேன். பொய் சொன்னதில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது என்று நினைக்கிறேன்.

அவள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். சண்டையாக அல்ல, தோசை வார்த்துக்கொண்டே கேட்பாள். ஒரு சித்திரையில், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது கேட்டாள். அன்றைக்குக் காலையில்தான் மேனேஜரோடு ஒரு வாக்குவாதம். அந்தக் கடுப்பில், "மேடத்துல பொன்முடிக்குப் போறவன் மடையன். மொட்டைப் பாறையையும் காஞ்ச புல்லையும் பாக்கவா போற?" என்று கத்திவிட்டேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். அதற்குப் பிறகு பொன்முடியைப் பற்றி அவள் வாயைத் திறந்ததில்லை. ஆசை விட்டுப் போயிற்று என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் அது சௌகரியமாகப் போயிற்று.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின விருச்சிகத்தில் கண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஓரத்தில் ஏதோ மறைக்கிறதாம். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள். "கண்ணாடிப் பவர் மாறியிருக்கும். மண்டல சீசன் முடியட்டும், போய்க் காட்டலாம்" என்றேன். சீசன் முடிந்தது. ஆற்றுகால் பொங்கல் கூட்டமும் முடிந்தது. பிறகுதான் கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பை அழுத்தியிருக்கிறது, போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் முடிந்தவரை காப்பாற்றலாம் என்றார் அந்த டாக்டரம்மா. "கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "வீட்டுல வேலை தீரல்லை டாக்டரே, அதாக்கும்" என்று மலையாளம் கலந்து சொன்னாள். பழியை அவள் தூக்கிக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால், அந்த நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு இருந்ததைத்தான் சொல்வேன்.

சொட்டு மருந்து விட்டும் அவள் பார்வை மங்கிக்கொண்டேதான் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் துலாமில் பொன்முடிக்குப் புறப்பட்டோம். என் பழைய டிரைவர்களில் ஒருவர் வண்டி கொண்டுவந்தார். துலாவர்ஷ மழை மத்தியானத்துக்கு மேல்தான் இடித்துக்கொண்டு வரும் என்பதால் விடிந்ததும் கிளம்பினோம். எல்லாம் அட்டவணைப்படி. நெடுமங்காட்டில் புட்டும் கடலையும். கல்லாறு தாண்டியதும் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். டூரிஸ்டுகளுக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றையும் உரக்க எண்ணிக்கொண்டு வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

மேலே போய் இறங்கினோம். நான் முப்பது வருஷமாக எதை அவளுக்காக எடுத்து வைத்திருந்தேனோ, அது அப்படியே வந்தது. பள்ளத்திலிருந்து பனி ஏறி, புல்லை மூடி, எங்கள் வண்டியை மூடி, டிரைவரை மூடியது. இப்படி ஒரு கோடமஞ்ஞு எனக்கே அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கிறது.

"வந்துட்டுது பாரு" என்றேன்.

"எங்க?"

"சுத்திலும்தான். நாம அதுக்குள்ள நிக்கோம். ஒண்ணும் தெரியாதுலா? அதுதான்."

அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். "எனக்கு வீட்டுலயும் இப்பம் இப்படித்தானே இருக்கு" என்றாள்.

குத்திக் காட்டச் சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நிஜமாகவே வித்தியாசம் தெரியாமல்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பனியில் யாருக்குத் தெரியப் போகிறது என்று அழுதேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னத்துக்கு இப்பம் கரையுதிய? முகமெல்லாம் குளிருது. இது கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். ஏசக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"நான் இங்க முன்னமே வந்துட்டேன்."

எனக்குப் புரியவில்லை. மெல்ல மெல்லச் சொன்னாள். நான் மடையன் என்று கத்தினேனே, அதே சித்திரையில், அடுத்த வாரமே வந்திருக்கிறாள். எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து, எனக்குச் சாப்பாட்டுக் கேரியரைக் கொடுத்து அனுப்பிவிட்டு, தம்பானூரிலிருந்து அரசு பஸ் ஏறியிருக்கிறார்கள். "பஸ்ஸு உங்க லாட்ஜு வாசல்லலா திரும்பும்? நீங்க மேசைக்குப் பின்னாடி யார்கிட்டயோ கையை ஆட்டிப் பேசிட்டு இருந்திய. நாங்க அஞ்சு பேரும் சேலையை இழுத்து மூடிக்கிட்டுத் தலையக் குனிஞ்சிட்டோம்." சாயங்காலம் நான் வீடு திரும்புவதற்குள் வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டாளாம். முகம் ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது என்று நான் கேட்டதாகவும், மாடியில் வடகம் போட்டேன் என்று அவள் சொன்னதாகவும் சொன்னாள். எனக்கு அது ஓர்மையில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல்ல?"

"சொன்னா அது சீசன் இல்லேன்னு சொல்லுவிய. எனக்கு அன்னைக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு. அதை நீங்க நல்லா இல்லேன்னு சொல்லிரக் கூடாதுன்னு இருந்துச்சு."

அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்குப் பனியும் இல்ல, மேகமும் இல்ல. இந்தப் புல்லெல்லாம் காஞ்சு பொன்னு மாதிரி கிடந்துச்சு" என்றாள். "மலைக்குப் பின்னால மலை, அதுக்குப் பின்னால ஊரு, அதுக்கும் அங்கால கடல். வேட்டிக்கரை போட்ட மாதிரி ஒரு கோடு. நாங்க அஞ்சு பேரும் அதைப் பாத்துக்கிட்டுத்தான் கட்டுச்சோறு தின்னோம்."

ஈரோட்டுக்காரர்கள் சொன்னதும் இதுதான். பொன்முடிக்கு எத்தனை தடவை வந்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கு கிடையாது. ஒரு தடவைகூட அந்தக் கடலைப் பார்த்ததில்லை. பொன்முடியின் வெயில் மாதங்களுக்கு மட்டும் டிரைவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் சிவப்பு அடித்திருந்தேன். பச்சைக் கட்டத்தில் மட்டுமே வந்துகொண்டிருந்தால் எப்படிப் பார்ப்பது?

"கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

அவள் காலால் தரையைத் தடவிப் பார்த்து, சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று நிதானித்துக்கொண்டாள். பிறகு என் கையிலிருந்து தன் கையை விடுவித்து மேற்கே நீட்டினாள். நான் அந்த விரல் காட்டிய திசையையே உற்றுப் பார்த்தேன். வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை.

"தெரியுதா?"

"இல்ல."

"அப்பம் இன்னைக்கு எனக்கு மட்டுமாக்கும் தெரியுது" என்று சிரித்தாள். நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.