கற்பூரம் நொறுங்காத பிடி

இடது கையால் நீட்டிய கற்பூரத்தை யாரும் வாங்க மாட்டார்கள். வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லவும் மாட்டார்கள். என் கையைப் பார்ப்பார்கள், பிறகு மடித்துத் தைத்த வலது சட்டைக் கையைப் பார்ப்பார்கள், 'ஐயோ பாவம்' என்று ஒரு முகம் காட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். கொஞ்சம் நல்லவர்கள் மட்டும் தட்டில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். கிரிவலப் பாதையில் பூஜைச் சாமான் விற்கிறவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பாவப்படுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்கு முன்பு செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, கரும்புச்சாறு வண்டி வைத்திருந்தேன். ஒருநாள் மடித்து விட்ட கரும்போடு என் வலது கையும் உருளைக்குள் போனது. மணிக்கட்டுக்கு மேலே வைத்து எடுத்துவிட்டார்கள். அங்கே வந்துகொண்டிருந்த வெள்ளைக்காரர்களுக்கு இடது கை, வலது கை எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஒற்றைக் கையால் அந்த மெஷினை ஓட்ட முடியாது. அவர்கள் கற்பூரமும் வாங்க மாட்டார்கள். கற்பூரமும் அகல் விளக்கும் விற்க ஒரு கை போதும் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். அது எந்தக் கை என்று அந்த அவசரத்தில் இருவருக்குமே தோன்றவில்லை. அவள் பகலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை கூட்டப் போவாள். சாயங்காலம் அவள் வந்து நின்று, தன் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் வியாபாரம். அதுவரை நான் கடைக்குக் காவல்.

அந்த நிலைமையில்தான் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு இன்ஜினீயரிங் காலேஜிலிருந்து பேராசிரியர் ஒருவர், மாணவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மோட்டாரில் இயங்குகிற கை ஒன்று செய்கிறார்களாம். போட்டுப் பார்க்க ஆள் வேண்டுமாம். "உங்களுக்காகத்தான் இதப் பண்றோம்" என்றார். நான் அதை அப்படியே நம்பினேன்.

முதலில் அவர்கள் மாட்டிவிட்ட கை சுத்த முரடு. மிச்சமிருந்த முன்கைச் சதையை நான் இறுக்கினால் விரல்கள் மூடும், தளர்த்தினால் திறக்கும். எதைப் பிடித்திருக்கிறோம் என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முட்டையைக் கொடுத்தார்கள், உடைத்தேன். பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள், சட்டையில் கொட்டிக்கொண்டேன். பயந்துபோய் மெதுவாகப் பிடித்தால் பொருள் நழுவித் தரையில் கிடக்கும். மாணவர்கள் சலிக்காமல் தரையைத் துடைத்தார்கள். எனக்குத்தான் சலித்துவிட்டது. நாளையிலிருந்து வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுபடி அழைத்தபோது விரல் நுனிகளில் அழுத்தத்தை அளக்கும் சின்னச் சின்ன வில்லைகள் ஒட்டியிருந்தார்கள். என் மேல்கையில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். விரல்கள் எவ்வளவு அழுத்துகின்றனவோ, அந்த அளவுக்குப் பட்டை இறுகும். பொருள் நழுவத் தொடங்கினால் பட்டை துடிக்கும், கையும் தானாகவே பிடியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். முட்டையைத் தொட்டேன். பட்டை லேசாக இறுகியது. போதும் என்று உடம்புக்குப் புரிந்தது. முட்டை உடையாமல் என் வலது கையில் இருந்தது. அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

முட்டை பிடித்ததும் அவர்களுக்குத் திருப்தி. முட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வில்லைக் கற்பூரத்தை எடுத்துப் போனேன். அது முட்டையைவிடப் பொல்லாதது, கொஞ்சம் அழுத்தினால் பொடிதான். பல நாட்கள் மேஜை முழுக்கக் கற்பூரப் பொடியாகி, அந்த அறையே கோயில் கர்ப்பக்கிரகம் போல மணத்தது. இன்னும் கம்மி, இன்னும் கொஞ்சம் கம்மி என்று நான் சொல்லச் சொல்ல ஒரு மாணவன் லேப்டாப்பில் மாற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு வில்லை முழுசாக நின்றது. வெளியில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்று கையை என்னோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றைக்கு என் மனைவி தன் சுண்டுவிரலை அந்த விரல்களுக்கு நடுவில் வைத்துப் பிடிக்கச் சொன்னாள். பட்டை தொட்டும் தொடாமலும் இறுகும்வரை பிடித்தேன்.

"வலிக்குதா?"

"வலிக்கற மாதிரி இருந்தா உங்களுக்கே தெரியும்ல" என்றாள்.

விரலை அவள் உடனே எடுக்கவில்லை.

கடையிலும் அந்தக் கை வேலை செய்தது. பிளாஸ்டிக்காக இருந்தால் என்ன, வலது கை வலது கைதானே. முன்பு 'ஐயோ பாவம்' என்று முகம் காட்டிப் போனவர்களே வேடிக்கை பார்த்தபடி வாங்கினார்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். ரத்தமும் சதையுமாக இருக்கும் இடது கை ஆகாது, மோட்டார் வைத்த வலது கை ஆகும். இந்த நியாயத்தை நினைத்தால் சிரிப்பு வரும், ஆனால் நான் சண்டைக்குப் போகவில்லை. பட்டப்பகலில், மனைவி பக்கத்தில் இல்லாமலே, நானே விற்றேன். இந்தக் கை என்னிடமே இருந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு ஆசை கிடையாது.

பிறகு சென்னையில் ஒரு போட்டி வந்தது. என்னையும் கூட்டிப் போனார்கள். கற்பூரம் எடுத்து வந்திருப்பதாகச் சொன்னேன். பேராசிரியர் வேண்டாம் என்றார், நடுவர்களுக்கு முட்டைதான் புரியுமாம். மேடையில் முட்டையைப் பிடித்துக் காட்டினேன். கைதட்டினார்கள். பரிசு கிடைத்தது. போட்டோவில் நான் ஓரமாக நின்றேன், கை நடுவில் இருந்தது. திரும்பும்போது வேனிலேயே கையைக் கழற்றச் சொன்னார்கள். சர்வீஸ் பண்ணி ரெண்டே நாளில் தருகிறோம் என்றார்கள். நானே கழற்றிக் கொடுத்தேன்.

ரெண்டு நாள் பல மாதங்கள் ஆகின. மாணவர்கள் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். பேராசிரியர் போனை எடுக்கவில்லை. நேரில் போனேன், சாரைப் பார்க்க அனுமதி வேண்டும் என்று வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் அதே கேட்டில் எனக்கு சல்யூட் வைத்த மனிதர் அவர்.

ஒரு பௌர்ணமி அன்று, வெயில் தாழ்ந்த நேரம், பேராசிரியரே குடும்பத்தோடு கிரிவலம் வந்தார். என் மனைவி இன்னும் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மலர்ந்து சிரித்தார், உடம்பை விசாரித்தார். கை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பத்திரமா இருக்குங்க. எங்க டிபார்ட்மென்ட் வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கோம். வர்றவங்க எல்லாம் மொதல்ல அதத்தான் பாக்கறாங்க."

அந்த ப்ராஜெக்ட் முடிந்துவிட்டதாம். இப்போது பழம் பேக் பண்ணுகிற கம்பெனிக்கு ரோபோ கை செய்கிறார்களாம். நான் சொல்லிச் சொல்லி வைத்த அழுத்தத்தைத்தான் அதிலும் போட்டிருக்கிறார்களாம், ஒரு தக்காளிகூட நசுங்குவதில்லையாம். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. திட்டுவதற்காவது ஒரு கெட்ட எண்ணம் அவரிடம் இருந்திருக்கலாம்.

கற்பூரம் கேட்டார். ஒரு வில்லையை எடுத்து நீட்டினேன். அவர் கை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. பார்வை என் முகத்திலிருந்து இடது கைக்கு இறங்கியது.

"தட்டுல வெச்சிடுங்க, நான் எடுத்துக்கறேன்" என்றார்.

என் விரல்கள் இறுகின. கம்மி பண்ணு என்று சொல்ல மேல்கையில் பட்டை எதுவும் இல்லை. கற்பூரம் பொடிப்பொடியாகித் தட்டில் உதிர்ந்தது.

"எடுத்துக்கோங்க சார்" என்றேன்.