முன்தட்டில் வேலுத்தாய்

மலைக்கிராமமான கவுஞ்சியில் பூண்டு போட்டு நொடித்துப்போன மொக்கையன், 1958இல் கொடைக்கானலுக்கு வந்து ஒரு பழைய மீன்பிடிப் படகை வாங்கினான். ஏரியில் அவன் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுவான். படகின் முன்பக்கப் பலகையான முன்தட்டில் உட்கார்ந்து மனைவி வேலுத்தாய் தூண்டில் போடுவாள்.

வேலுத்தாய்க்குக் கனத்த சரீரம். முன்தட்டோ முறத்தின் அளவுதான்.

"இதுல ஒரு பக்கந்தான்யா உக்கார முடியுது. இன்னொரு பக்கத்த வீட்டுல வச்சிட்டா வர?" என்றாள்.

மொக்கையன் பேரிக்காய்ப் பெட்டிகளை உடைத்து, அந்தப் பலகைகளால் முன்தட்டைப் படகின் மூக்கையும் தாண்டி ஒரு முழம் நீட்டினான். மறுநாள் கரையோரத்தில் வேலுத்தாய் அதில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மூக்கு தண்ணீருக்குள் இறங்கியது. பின்பக்கம் மேலே எழும்ப, மொக்கையன் துடுப்பால் காற்றைத் துழாவினான். கரையில் நின்ற சுற்றுலாக்காரர்கள் கைதட்டினார்கள்.

"பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைக்காம எறக்குனது தப்பு, புள்ள."

"அவரு என்னய்யா செய்வாரு? அவரும் என்னயமாதிரிதான கெடக்காரு. வெரசா முன்னால வா, துடுப்பக் குடு."

இடம் மாறினார்கள். அவள் துடுப்பை நாலு வலி வலித்ததும் படகு ஏரியின் நடுவுக்குப் போய்விட்டது.

அதன்பின் மொக்கையன் புதுத் தட்டில் கால் நீட்டிப் படுத்தபடி தூண்டில் போட்டான். மீன் அவ்வளவாகச் சிக்கவில்லை. வேலுத்தாய் அதற்குத் தினமும் திட்டினாள். ஆனால், துடுப்பை மட்டும் அவனிடம் திருப்பிக் கொடுக்கவே இல்லை.