முந்தி திறக்காத கம்ப்யூட்டர்

ஆயுத பூஜை முடிந்து மறுபடி வேலையைத் தொடங்கிய அன்றே எங்கள் கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது. பெரிய காஞ்சிபுரத்தில் அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில் என் வீட்டுக்காரரின் தறி இருந்தது. அதையடுத்த சின்ன அறையில் என் கம்ப்யூட்டர். அவர் நெய்வார், நான் டிசைன் போடுவேன். அதுவரை பட்டுப்புடவையின் கரைக்கும் முந்திக்கும் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாகக் கையால் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கிய காலம் அது. நான் திரையில் கட்டங்களை நிரப்பி அச்சிட்டுக் கொடுத்தால், அட்டை அடிக்கிறவர் அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார். அந்த அட்டைகள் தறி மேல் ஏறினால்தான் துணியில் மயிலும் மாங்காயும் இறங்கும்.

முன்பெல்லாம் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தலை பின்னிக்கொண்டு வந்தால் திரை தயாராக இருக்கும். இப்போது உலை வைத்து, அரிசி களைந்து போட்டு, சோறு வடித்துவிட்டு வந்தாலும் அந்த மணல் கடிகாரப் படம் அசையாமல் நின்றது. சின்ன பார்டர் ஒன்றைத் திறந்து பார்த்தேன். திறந்தது, ஆனால் மேலிருந்து வரி வரியாக, யாரோ வேண்டாவெறுப்பாகப் பாய் விரிக்கிற மாதிரி. எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு டீச்சரம்மா சில மாதங்களுக்கு முன்னால் எங்களிடம் வந்திருந்தார். தன் அம்மாவின் கல்யாணப் புடவையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மடிப்புக்கு மடிப்பு கிழிந்துபோன புடவை. பிரித்தால் கையோடு வந்துவிடும் போல இருந்தது. கார்த்திகையில் அவர் மகளுக்குக் கல்யாணம். பாட்டி கட்டிய அதே முந்தி பேத்தியின் புடவையிலும் வரவேண்டும் என்றார். நான் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இழை இழையாக எண்ணி அந்த முந்தியைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கழுத்து வலியில் பல நாள் ராத்திரி படுக்க முடியவில்லை. ஏற்றி முடித்ததும் புடவையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பழைய ஜரிகை வாங்குகிற கடையில் போட்டுவிட்டார். அங்கே புடவையை எரித்துச் சாம்பலிலிருந்து வெள்ளியை எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் இது சாதாரணம். எனக்குத்தான் மனசு கேட்காமல், வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். அதுதான் உன் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதே, அப்புறம் இந்தக் கந்தல் எதற்கு என்று சிரித்தார்.

ஆக, அந்த முந்தி உலகத்தில் மிச்சமிருந்தது என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான். ஃபிளாப்பியில் அடங்காத அளவுக்குப் பெரிய ஃபைல். சிடி போட்டு வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், பூஜை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். கடைசித் திருத்தம் பாக்கி என்பதால் அச்சிடவும் இல்லை. தறியிலோ அந்தக் கல்யாணப் புடவையின் உடல் பாதிக்கு மேல் வளர்ந்துவிட்டது. கரைக்கு அட்டை ஏறி ஓடிக்கொண்டிருந்தது. முந்திக்கு அட்டை வேண்டும்.

அந்த ஃபைலைத் திறக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் மற்றதையெல்லாம் சரிபார்ப்போம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. டிஸ்க் நிரம்பிவிட்டதோ என்று வேண்டாததையெல்லாம் அழித்தேன். தவறி முந்தியை அழித்துவிடுவேனோ என்று ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை படித்த பிறகே அழித்தேன். மெமரி போதவில்லையோ என்று மற்ற புரோகிராம்களை மூடினேன். எதுவும் ஆகவில்லை. கடைசியாக, கம்ப்யூட்டர் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒழுங்காக அடுக்குகிற வேலையை ஓடவிட்டேன். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் நிறம் மாறிக்கொண்டிருந்தன. அடுத்த நாளும் அது முடியவில்லை. உள்ளேயிருந்து அவ்வப்போது டக், டக் என்று ஒரு சத்தம். கரண்ட் போய்விடக் கூடாதே என்று காமாட்சியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, கம்ப்யூட்டருக்கும் வயசாகிவிட்டது போல என்று கிண்டல் செய்தார். நான் முறைத்ததும் போய்விட்டார்.

ஒரு வழியாக அது முடிந்தது. கம்ப்யூட்டர் முன்னைவிட மந்தமாக இருந்தது. அன்று மத்தியானம் துணிந்து, கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே தூசி இருக்கும், மின்விசிறி நின்றிருக்கும் என்று எதிர்பார்த்தேன். தூசியே இல்லை. துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி பளிச்சென்று இருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற ரிப்பன் போன்ற பட்டை ஒயரை யாரோ நாலாக மடித்திருந்தார்கள். அதன் நடுவில் ஏதோ மினுமினுத்தது. குனிந்து பார்த்தேன். ஜரிகை. அசல் ஜரிகையைப் பல சுற்றுச் சுற்றி, இழுத்து, தறியில் அறுந்த இழையை முடிகிற முடிச்சைப் போட்டிருந்தார்கள். ஜரிகை ஒயரின் மேல்தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. அறுந்த இடத்தில் செம்புக் கம்பி தெரிந்தது.

அந்த முடிச்சை எங்கள் வீட்டில் போடுகிற கை ஒன்றுதான். நான் கூப்பிட்ட குரலுக்கு அவர் தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

"பூஜைக்குத் தறியெல்லாம் தொடச்சேன் இல்ல, அப்போ இதையும் தொறந்து தொடச்சேன். ஒயரு தொங்கிக்கினு இருந்துச்சி. அதான் கட்டி வெச்சேன்."

"ஜரிகையிலயா?"

"சாமிக்கு வெக்கிற பொருளு, சணல்லயா கட்டுவாங்க?"

தறியில் ஒரு இழை தொங்கினாலும் அவருக்குப் பொறுக்காது, அது எனக்குத் தெரியும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்த நேரத்தில் நல்ல எண்ணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் போய்த் தறியில் உட்கார்ந்தார். தறிச் சத்தம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அவரும் பயந்துவிட்டார் என்று புரிந்ததும் என் பயம் இரட்டிப்பானது.

காந்தி ரோடு பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் இருந்தார். அதற்கு முன் டிவி ரிப்பேர் பார்த்தவர். வந்து பார்த்து ஜரிகையைக் கத்தரித்து எடுத்தார், விரலில் சுற்றிப் பார்த்து அசலா என்று கேட்டார். புது ஒயர் மாட்டினார். ஒயரில் தகராறு என்றால் டேட்டா தப்புத் தப்பாகப் போகும், கம்ப்யூட்டர் அதைக் கவனித்துத் தானாகவே மெதுவான முறைக்கு இறங்கிவிடும், ஒயரை மாற்றினாலும் நாமாகத்தான் மறுபடி வேகமான முறைக்கு ஏற்ற வேண்டும் என்று விளக்கினார். ஏற்றியும் விட்டார். கம்ப்யூட்டர் பழையபடி ஓடியது. டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் கிளம்பும்போது, ஒயர் கெட்டிருந்த சமயத்தில் டிஸ்க்கில் எதையாவது எழுதினீர்களா என்று சாதாரணமாகக் கேட்டார். நான் டிஸ்க்கை அடுக்கவிட்ட கதையைச் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, முக்கியமானதையெல்லாம் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள் என்றார்.

அவர் தெருமுனை திரும்பும் முன்பே முந்தியைத் திறந்தேன். நொடியில் திறந்தது. மேலே கோபுரம் கோபுரமாக எழும் ரேக்கு வரிசை, கீழே மாங்காய் வரிசை, அதன் கீழே இருதலைப் பட்சி. எல்லாம் இழை பிசகாமல் இருந்தது. பட்சியின் காலுக்குக் கீழே ஒன்றும் புரியவில்லை. கட்டங்கள் கண்டபடி இறைந்து கிடந்தன. மூடித் திறந்தேன். அதே இடத்தில் அதே அலங்கோலம். அங்கே ஏதோ பறவை வரிசை இருந்தது என்று மட்டும் நினைவிருந்தது. அன்னமா, கிளியா, கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, எதுவும் வரவில்லை. இழை எண்ணுகிறவளுக்கு இழைதான் தெரியும், படம் தெரியாது.

நீயே ஏதாவது அன்னம் போட்டுவிடு, யாருக்கும் தெரியாது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டினார். மறுநாள் சாயங்காலம் மொபெட்டில் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனோம். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டு வாசலில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வர மாட்டேன் என்றார். அவருக்கு அவ்வளவு பயம். எனக்கு மட்டும் இல்லையா என்ன? ஆனாலும் போனேன்.

டீச்சரம்மா கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஜரிகையால் கட்டியதையும் மறைக்கவில்லை. அவர் கை மஞ்சளோடு அப்படியே நின்றுவிட்டது.

"முந்தி தெரியற மாதிரி போட்டோ எதுனா இருக்குதாம்மா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையசைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, எதையோ வரிசையாக எண்ணுகிறார் போல. கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வரமாட்டேங்கறதேம்மா," என்றார். "அம்மா அதைக் கட்டிண்டு வந்தா நான் அவ முகத்தைத்தான் பார்த்துண்டிருப்பேன். முந்தியை எங்கே பார்த்தேன்?"

என் கண் நிறைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் மஞ்சள் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது.

"நீ ஏன் அழறே? உன்கிட்ட பாதிக்கு மேலயாவது இருக்கு. எரிக்கக் குடுத்தவ நான்."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். வண்டியை எடுங்கள் என்றேன்.