திங்கள் வெள்ளி வயிறு

எங்கள் பஸ்ஸில் சிறுவாச்சூரில் ஏறினால் பெரம்பலூர் வழியாக அரியலூரில் போய் இறங்கலாம். தனியார் பஸ். பதினோரு வருடமாக அதில் நான் கண்டக்டர். சிறுவாச்சூர் அம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். அந்த இரண்டு நாளும் பஸ்ஸுக்குள் மல்லிகையும் வெல்லமும் கலந்து மணக்கும். ஊறவைத்த அரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, மாவிளக்கு ஏற்றிவிட்டு வரும் பெண்கள், நான் டிக்கெட் கொடுக்க நீட்டிய கையில் முதலில் ஒரு பிடி மாவை வைப்பார்கள். பிறகுதான் சில்லறை.

வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சாமி பிரசாதம். ஒருத்தரிடம் வாங்கி இன்னொருத்தரிடம் வாங்காவிட்டால், "ஏன், எங்க மாவு உனக்கு எறங்காதா?" என்று அங்கேயே கேட்டுவிடுவார்கள். வாங்கிப் பையில் போடவும் முடியாது. போட்டால் டிக்கெட்டெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வாயில் போட்டுக்கொள்வேன். ஒரு நடைக்கு ஏழெட்டுப் பிடி சேரும். காலைச் சாப்பாடே அதுதான். மேலே ஒரு பால் டீ.

போன வருடம் வயிறு என்னோடு சண்டைக்கு வந்தது. முதலில் உப்பும். இடுப்பு வார் அறுந்துவிடும்போல இருக்கும். ஏப்பம் வரும். பிறகு அடிவயிற்றில் யாரோ துணி பிழிவதுபோல ஒரு முறுக்கு. அந்த முறுக்கு வந்தால் பத்து நிமிடம்தான் தவணை. பஸ்ஸிலோ ஐம்பது பேர், ஒரு படிக்கட்டு, ஒரு விசில். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள். இரண்டையும் விட மோசமானதை அடக்குவதற்குப் பழமொழி சொன்னவர் யாருமில்லை.

இரண்டு முறை வழியில் பஸ்ஸை நிறுத்திக் கருவேலங்காட்டுக்குள் ஓடியிருக்கிறேன். தனியார் பஸ்ஸுக்கு நிமிடம்தான் உயிர். நாங்கள் தாமதமானால் பின்னால் வரும் பஸ்காரன் டைம் கீப்பரிடம் சண்டைக்கு நிற்பான். முதலாளி என்னைக் கூப்பிட்டு நிதானமாகத்தான் சொன்னார்.

"உன் வயித்துக்கு நான் பஸ் ஓட்ட முடியாதுப்பா. இன்னொரு தடவ ரோட்டுல நிறுத்துனன்னு காதுல வுழுந்துச்சு, பையக் கழட்டி வச்சிட்டுப் போயிடு."

வீட்டில் என் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. "திங்களும் வெள்ளியும் மட்டும் வருதுன்னா அது ஆத்தா குத்தந்தான். நாமளும் ஒரு மாவிளக்குப் போட்டுட்டு வந்துடுவோம்." போட்டோம். வீட்டு மாவு என்பதால் இரண்டு பிடி கூடுதலாகத் தின்றேன். அந்த வெள்ளி என்ன ஆயிற்று என்று எழுத வேண்டாம்.

இஞ்சி சோடா குடித்தேன். மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கினேன். கடைசியில்தான் பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் போனேன். மலத்தில் ரத்தம் போகிறதா, கறுப்பாகப் போகிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா, வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அந்த ரெண்டு நாள்ல மட்டும் என்ன சாப்புடுறீங்க?" என்றார்.

சொன்னேன். பேனாவை மூடிவிட்டார்.

"பச்சை அரிசி மாவு. அது குடல்ல சரியாச் செரிக்காமப் புளிச்சு காத்தாகுது. வெல்லம் வேற. அதுவும் வெறும் வயித்துல, மேல பால். பத்தாததுக்கு எப்ப வருமோங்கிற பயம். பயந்தா குடல் இன்னும் முறுக்கும். காலையில ரெண்டு இட்லி சாப்ட்டுட்டு வண்டி ஏறுங்க. டீயக் குறைங்க. தண்ணி குடிங்க. மாவு வேணாம்."

"பிரசாதங்க சார்."

"அப்ப விபூதி மாதிரி ஒரு சிட்டிகை."

அடுத்த வெள்ளி இட்லி தின்றுவிட்டுத்தான் ஏறினேன். சிட்டிகை எடுத்தேன். "என்ன, மருந்தா திங்கிற?" என்று சிரித்துக்கொண்டே ஒருத்தர் உள்ளங்கையில் அழுத்திவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அழுத்தினார்கள். அரியலூருக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. முறுக்கு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெற்றியில் வேர்வை. வாரம் தவறாமல் கோயிலுக்கு வந்துபோகும் ஓர் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? வயிறா?"

தலையாட்டினேன். பேசினால் பிடி விட்டுப்போகும்.

"எறங்கி ஓடு. யாரு என்ன சொல்லுவா?"

ஓடினேன். திரும்பி வரும்போது லாரிகள் நகர்ந்துபோயிருந்தன. எங்கள் பஸ் மட்டும் எனக்காக ஓரத்தில் நின்றது. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் முதலாளியே நின்றுகொண்டிருந்தார். எவனோ போன் போட்டிருக்கிறான். அவர் வாய் திறக்குமுன் அந்த அக்கா படியில் நின்று குரல் கொடுத்தார்.

"எனக்குத்தான் மயக்கமா வந்துச்சு சார். நாந்தான் நிறுத்தச் சொன்னேன். புள்ள ஓடிப்போய்த் தண்ணி வாங்கியாந்துச்சு. ஒரு பொம்பளைக்கு முடியலன்னா பஸ்ஸ நிறுத்த மாட்டீங்களா?"

பின்னாலிருந்து நாலைந்து பேர், "ஆமா சார், ஆமா" என்றார்கள். முதலாளி என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், போய்விட்டார். வேலை தப்பியது. அன்று அந்த அக்காவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் கும்பிட்டேன்.

திங்கட்கிழமை அவர் தனியாக ஒரு தூக்குச்சட்டியோடு ஏறினார். மூடியைத் திறந்தார். தீபம் எரிந்த கரி நடுவில் அப்படியே இருக்க, நெய் ஊறிய ஓர் உருண்டை மாவு.

"உன் வயித்துக்காக வேண்டிக்கிட்டு ஏத்துன வெளக்குய்யா. வேற யாருக்கும் இல்ல. நான் பாக்கவே தின்னு."

டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். பஸ் மொத்தமும் என்னைப் பார்த்தது. எனக்காகப் பொய் சொன்னவர், எனக்காக அரிசி இடித்தவர் எதிரே நிற்கிறார். மெல்லவும் முடியாது, துப்பவும் முடியாது என்பது அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன்.

"அவ்ளோதானா?"

மீதியையும் தின்றேன். கையைத் துடைத்துக்கொண்டு விசில் ஊதினேன். அரியலூருக்கு இன்னும் ஒரு மணி நேரம்.