கமுக்கமாக இருக்கத் தெரியாதவர்

திருமணமாகிப் பல வருடங்கள் காத்திருந்து, அந்தப் பேச்சையே நாங்கள் விட்டுவிட்ட பிறகு நான் உண்டானேன். முன்பு ஒரு முறை அவசரப்பட்டு எல்லோரிடமும் சொல்லி, பிறகு எல்லோருடைய ஆறுதலையும் கேட்டுக்கொண்டிருக்க நேர்ந்தது. அதனால் இந்த முறை மூன்று மாதம் முடியட்டும் என்று நினைத்தேன்.

என் கணவருக்குப் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஜார்ஜ் டவுனில் எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் ஏறினால், இறங்குவதற்குள் எல்லோரிடமும் கதை பேசிவிடுவார்.

"கொஞ்ச நாளைக்குக் கமுக்கமா இருங்க" என்றேன்.

"கமுக்கம்னா என்னா?" மலாய்ப் பள்ளியில் படித்தவர் அவர்.

"ரகசியம் மாதிரி."

"ஓ, ரஹ்சியாலா. அப்படியே சொல்ல வேண்டியதுதானே."

மலாய்க்காரர்களின் ரஹ்சியாவும் நம் ரகசியமும் ஒரே சொல்தான். ஆனால் கமுக்கம் வேறு. ரகசியத்தை ஒருவர் காதில் சொல்லலாம். கமுக்கத்தைச் சொல்ல முடியாது, இருக்கத்தான் முடியும். நம்மிடம் ஒன்று இருப்பதே வெளியே தெரியக்கூடாது. இதை விளக்கியபோது அவர் கவனமாகத் தலையாட்டினார்.

மறுநாளிலிருந்து மனிதர் பேச்சையே நிறுத்திவிட்டார். லிஃப்டில் சுவரைப் பார்த்து நின்றார். கூட வேலை செய்பவர், "அண்ணே, வீட்டுல பிரச்சினையா? நீங்க பேசாம இருந்தா பயமா இருக்குலா" என்றாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மலாய் அக்கா, சர்க்கரைப் பாகில் ஊறிய புளிப்பு மாங்காய் கொண்டுவந்தார். அதை என் கையில் கொடுத்துவிட்டு, மலாயில் மெதுவாகச் சொன்னார்: "காலையில நீ வாந்தி எடுக்கிறது எங்க வீட்டுக்குக் கேக்குது. போன மாசமே தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல."

தினமும் அவரோடு மீன் விலையும் மழையும் பேசியிருக்கிறேன். அவர் முகத்தில் ஒரு நாளும் எதுவும் தெரிந்ததில்லை. கமுக்கம் என்ற சொல்லே தெரியாத அந்த அக்காவுக்கு அது எவ்வளவு நன்றாக வந்தது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கணவரிடம் சொன்னேன். "அப்போ அவங்ககிட்ட மட்டும் பேசலாமா?" என்று கேட்டார்.

"பேசுங்க."

செருப்பைக்கூட மாட்டாமல் போனார். சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் திரும்பினார். மகள் பிறந்தபோது மருத்துவமனைக்கு முதலில் வந்தவர் அந்த அக்காதான்.