சித்திரை வெயிலில் தரங்கம்பாடிக்கு

"வழிகாட்டியுடன் நெடுந்தூரச் சைக்கிள் சுற்றுலா. பெண்களும் வரலாம்" என்று இன்று ஒரு விளம்பரம் பார்த்தேன். சிரிப்பு வந்தது.

எழுபதுகளில், விருத்தாசலம் பீங்கான் ஆலையில் வேலை பார்த்த நாங்கள் நான்கு பெண்கள், சித்திரை விடுமுறையில் கடல் பார்க்கத் தரங்கம்பாடிக்குச் சைக்கிளில் கிளம்பினோம். வழிகாட்ட ஒரு டிரில் வாத்தியார் வந்தார்.

சேத்தியாத்தோப்பில் எனக்குத் தலை சுற்றியது. வாத்தியார் உடனே கைகாட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தினார்.

"பொம்பளைங்களுக்கு இந்த வெயிலு ஆவாது. ஏறுங்க, வூட்டுக்குப் போவலாம்."

தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சொன்னேன்: "தெனம் சூளைகிட்ட நிக்கிறவங்க சார் நாங்க. நீங்க வேணா ஏறுங்க. நாங்க வழி கேட்டுப் போயிக்கிறோம்."

பஸ் போய்விட்டது. அவர் ஏறவில்லை. கடல் வரை எங்கள் பின்னாலேயே வந்தார்.

வீட்டில் எப்படி விட்டார்கள் என்று கேட்பீர்கள். விட்டார்கள் என்று நான் சொல்லவே இல்லையே.